ஆளுக்கு நூறடி

ஈச்சங்கேணி விலக்கிலிருந்து ஈச்சங்கேணிக்கு நாலு செபமாலை தூரம். சர்க்கார் ரெக்கார்டில் அது ஏழு கிலோமீட்டர் என்று இருக்கும். ஆனால் மாதா கோயில் வாசலில் சிலுவை போட்டுவிட்டு, கையில் செபமாலையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால், மகிழ்ச்சி, ஒளி, துயரம் என்று மூன்றையும் முடித்து, மகிமையின் ஐந்தாவது தேவ இரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஷாஜகான் பாய் டீக்கடையில் வடை வேகிற வாசனை மூக்கில் ஏறும், மெயின் ரோட்டில் பஸ் போகிற சத்தம் காதில் விழும், கடைசி மணியை விரலால் தள்ளுகிற நேரத்துக்குச் சரியாக பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் கால் வைத்திருப்போம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஒரு மணிகூடப் பிசகியதில்லை.

பஸ் விலக்கில் நின்றுவிட்டு மெயின் ரோட்டோடு போய்விடும், ஊருக்குள் வராது. ஐந்நூறு தலை இல்லாத ஊருக்கு பஸ் விட முடியாது என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் நானூத்திப் பன்னிரண்டு தலை. பஸ் வராத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றார்கள், பெண் வராததால் பிள்ளை பிறக்கவில்லை, பிள்ளை பிறக்காததால் தலை கூடவில்லை, தலை கூடாததால் பஸ் வரவில்லை, பஸ் வராததால் பெண் வரவில்லை. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து எங்கள் ஊரில் முப்பது தாண்டிய பையன்கள் பதினாலு பேர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் என் மகன் அமலன். முப்பத்து நாலு வயது. பம்பு செட் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவன். கை வைத்தால் செத்த மோட்டாரும் மூச்சு விடும் என்று சுற்றுப்பட்டில் பேர். என் இரண்டு பெண்களையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டேன், இவன் ஒருத்தனைத்தான் ஒவ்வொரு செபமாலையிலும் மாதாவின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவனைப் பார்க்கப் பதினோரு வீட்டார் வந்து போனார்கள். ஆட்டோ வராது, ரோட்டில் கருங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பைக்கில் வருகிறவர்களும் பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வந்து, வேர்வையைத் துடைத்து, பையனைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, தலையாட்டி, கடைசியில் எல்லோரும் ஒரே மாதிரி வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் சம்மந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். தண்ணீர் குடிப்பார்கள், டீ குடிப்பார்கள், ஆனால் மனசு ஒப்பாமல் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். "இருக்கட்டும் தங்கச்சி, இன்னொரு நாளைக்கி வந்து கை நனைக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று அர்த்தம். அவர்களுக்காகப் பொங்கிய சோற்றை நானும் என் வீட்டுக்காரரும் அமலனும் பதினோரு தடவை உட்கார்ந்து தின்றோம். ஒவ்வொரு தடவையும் அமலன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுவான், எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதென்று.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சித்திரையில் அடைக்கல மாதா திருவிழா வந்தது. கடைசி நாள் ஊர் அசனம், அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறியும். அறுத்த வயலில் கிடை போட வந்திருந்த கீதாரிக் குடும்பங்கள், ஆடு மேய்த்து ஊர் ஊராகப் போகிற சனம், முப்பத்தொரு பேர், நம்மைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று கண்மாய்க் கரையில் ஒதுங்கி நின்றார்கள். எங்கள் பிரசிடென்ட் முத்திருளாயி மாதா கோயில்காரி இல்லை, அவள் குலசாமி அய்யனார். ஆனால் அசனத்தில் கரண்டி பிடிக்கிறது அவள்தான். "என்னப்பா, தனியா பத்திரிகை அடிச்சுக் குடுக்கணுமா ஒங்களுக்கு? வந்து உக்காருங்க" என்று கரையில் இருந்தவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். வந்து உட்கார்ந்தார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், போதும் போதும் என்று கையை மறித்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒருத்தி, "இனிமே நாங்களும் இந்த ஊருதான் போங்க" என்று சிரித்தாள். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் காலை நான் டவுனில் பூசைக்குப் போக நடந்தேன். மகிமையின் இரண்டாவது தேவ இரகசியத்தைச் சொல்லி முடித்திருப்பேன், மூன்றாவது இன்னும் பாதிகூட ஆகவில்லை, வடை வாசனை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் நிழற்குடை நிற்கிறது. மாதாவே, இருபத்தேழு மணியை முழுங்கிவிட்டேனே, உன்னையே ஏமாற்றிவிட்டேனே என்று பயந்து, நிழற்குடையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னேன். அதற்குள் பஸ் போய்விட்டது.

"என்னக்கா, இன்னைக்கி சீக்கிரமா வந்துட்டீக, பஸ்ஸயும் விட்டுட்டீக?" என்றார் ஷாஜகான் பாய், வடையைத் திருப்பிக்கொண்டே.

"நான் சீக்கிரம் வரல பாய். வழிதான் சீக்கிரம் முடிஞ்சுபோச்சு."

"அதான் பாக்குறேன். ஒங்க கோயில் கோபுரம் இங்கருந்து எலந்தைப் பழ அளவுதான் தெரியும். இன்னைக்கி எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரியுது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஈடு வடையைப் போட்டார்.

பால்காரன் யாகப்பனும் அதையே சொன்னான். பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தினமும் விலக்குக்குப் போய்ப் பால் வண்டியில் ஏற்றுகிறவன். அன்றைக்கு வண்டிக்கு முன்னாலேயே போய் நின்றதில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு டீ குடித்திருக்கிறான். சாயங்காலம் அமலன் வயர் காயிலைத் தோளில் மாட்டினான். ஒரு காயில் தொண்ணூறு மீட்டர், அது அவன் தொழிலில் பிசகாத அளவு. அவன் ஒரு நுனியும் யாகப்பன் ஒரு நுனியுமாகப் பிடித்துக்கொண்டு ஊரிலிருந்து விலக்குவரை அளந்தார்கள். மூவாயிரத்து நூறு அடி குறைந்திருந்தது. அசனத்தில் சாப்பிட்ட வெளியாட்கள் முப்பத்தொரு பேர்.

"அப்ப ஆளுக்கு நூறடி" என்றாள் முத்திருளாயி. அது சரி, தண்ணி டேங்க் மோட்டாரை எப்பப்பா சரி பண்ணப்போற என்று அமலனைக் கேட்டாள்.

நிலம் எல்லாம் அப்படியே இருந்தது. ஒருத்தருக்கும் ஒரு வரப்புக்கூடக் குறையவில்லை, வேலித் தகராறு ஒன்றும் வரவில்லை. ரோடு மட்டும்தான் குறைந்தது. வழியோரம் நின்ற எண்பத்து நாலு பனையும் எண்பத்து நாலாகவே இருந்தன, குரூப் போட்டோவுக்கு நிற்கிறவர்களைப்போலத் தோளோடு தோள் கொஞ்சம் நெருங்கிக்கொண்டன, அவ்வளவுதான். மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சன்னல் வழியாகப் பார்த்து, இந்த ஊர் இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டு தூங்கிப்போனார்கள்.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அளந்து உலை வைப்பது நின்றுபோனது. வளையல் விற்க வந்தவள் ஒரு வீட்டில் சாப்பிட்டாள், மின்கம்பம் பார்க்க வந்த மூன்று பேர் ஒரு வீட்டில் சாப்பிட்டார்கள், தவணைக்கு மிக்ஸி விற்க வந்தவன், ஆட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர், பழைய இரும்பு எடுக்க வந்தவன், வழி தவறி வந்த கல்யாண வேன் ஒன்று முழுசாக, எல்லோரும் சாப்பிட்டார்கள், சாப்பிடச் சாப்பிட ரோடு நூறு நூறடியாக உள்ளே வந்தது, ரோடு வர வரச் சனம் வருவது லேசாகிப்போனது, சனம் வர வர ரோடு இன்னும் வந்தது. ஒருவர் கையை மறித்து "போதும்" என்று சொல்கிற நிமிசத்தில் தூரத்தில் பஸ் ஹாரன் ஒரு பிடி கூடக் கேட்கும்.

சோறு போடுவதில் பொய்யைச் சேர்த்தால் ரோடு ஏமாறவில்லை. யாகப்பன் கெட்டிக்காரத்தனமாக ஐம்பது புளிச்சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டுபோய் விலக்கில் பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தான். ரோடு ஓரடி நகரவில்லை. டீக்கு நகரவில்லை, பன்னுக்கு நகரவில்லை. ஊருக்குள் வந்து, உட்கார்ந்து, நம் தட்டில் கையை வைத்து, போதும் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தருக்கு ஒரு தடவைதான். திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்து இறங்கி ஆளுக்கு மூன்று தட்டு சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ரோடு அசையவே இல்லை. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. "அட பைத்தியங்களா, ஒங்களயெல்லாம் அது எப்பவோ எண்ணியாச்சு" என்று சொன்னேன். அதற்கு ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

வைகாசியில் சவரிமுத்து மாமா இறந்தார். அடக்கம் முடிந்த கையோடு நாலு பேர் மெதுவாக விலக்குப் பக்கம் போனார்கள், நூறடி கூடியிருக்குமே என்று. கூடவில்லை. அந்த ரோடு செத்தவர்களைக் கழிக்கவில்லை. அன்றைக்கு மாமி அழுகையை நிறுத்தி ஒரு வாய்க் கஞ்சி குடித்தாள்.

ஆபீசிலிருந்து மூன்று பேர் டேப் கொண்டுவந்து அளந்தார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சம் வந்தது. ரெக்கார்டில் ஏழு இருக்கிறதே என்று ஏழு என்றே எழுதிக்கொண்டார்கள். என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள், பருப்புக் குழம்பும் முருங்கைக்கீரையும். திரும்பிப் போகும்போது சந்தேகப்பட்டு மறுபடி அளந்தார்கள், முன்னூறு அடி குறைந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, "கீரை நல்லாருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆவணி பிறந்தபோது இன்னும் ஆயிரத்து எண்ணூறு அடிதான் பாக்கி. முழுசாக ஒரு செபமாலைகூட இல்லை, இரண்டு தேவ இரகசியம்கூட வராது. அப்போதுதான் அமலனுக்குப் பன்னிரண்டாவது சம்மந்தம் வந்தது.

பெண்ணின் பேர் ஜெனிட்டா. டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற லேப்பில் வேலை. தகப்பன் இல்லாத பெண், பெரியப்பா மிக்கேல்தான் வளர்த்தது. அவர் கை நனைத்தால்தான் அந்த வீட்டில் கல்யாணம். அந்த மிக்கேல் யாரென்று தரகர்தான் சொன்னார். டெப்போவில் முப்பது வருசம் டைம்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஐந்நூறு தலை இல்லையென்றால் பஸ் கிடையாது என்று எங்கள் ஊர் மனுவைத் திருப்பிக் கொடுத்த அதே மனுசன்.

அவர் எட்டுப் பேரோடு வந்தார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் பத்து அடித்தபோது வாசலில் நின்றார். இனிமேல்தான் நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்புச் செய்ய மாட்டார்கள். நாலு மாசமாக வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டுப் பழகிப்போன சனம். அவர்கள் செருப்பைக் கழற்றினார்களோ இல்லையோ, எட்டு வீட்டுப் பெண்கள் எட்டுத் திசையிலிருந்தும் தட்டோடு வந்துவிட்டார்கள். ஒருத்தி பாயை விரித்தாள், ஒருத்தி தண்ணீர் தெளித்தாள், ஒருத்தி மிக்கேல் அண்ணன் கையைப் பிடித்தே உட்காரவைத்துவிட்டாள், முத்திருளாயி கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "சாப்பிடுங்கண்ணே, சாப்பிட்டுட்டுப் பேசுவோம், ஒம்பது பேரு, தொள்ளாயிரம் அடி" என்று சொல்லியேவிட்டாள்.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். முன்னால் சோறு வைத்த தட்டு.

"பையனப் பாக்கல. ஒரு வார்த்தை பேசல. சோத்தப் போட்டு அமுக்கிப்புட்டா நாங்க சரின்னுருவோம்னு நெனச்சீகளா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளைய ஒங்க ரோட்டுக்கு ஜல்லியாப் போடவா கேக்குறீக?"

"அண்ணே, அப்படியில்லண்ணே" என்று நான் கும்பிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், செருப்பை மாட்டினார். பின்னாலேயே மற்ற எட்டுப் பேரும். பத்து ஏழுக்கெல்லாம் வாசல் காலி.

அந்தத் தட்டுகள் அப்படியே இருந்தன. எட்டு வீட்டுப் பெண்களும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்கள். முத்திருளாயி என் காலடியில் உட்கார்ந்து, "நான் கெடுத்துப்புட்டேன் செசிலி, எல்லாத்தையும் நான் கெடுத்துப்புட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அமலன்தான் வந்து அவள் கையைப் பிடித்தான். "விடுங்க அத்தை. ஒங்களுக்குக் கரண்டியக் கண்டா கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியாதா" என்று சிரித்தான். அப்புறம் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஆனால் இந்தத் தடவை அவன் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

அன்று நான் மாதாவிடம் போய், அம்மா, எனக்கு இந்த ரோடு வேண்டாம், வேணுமானால் மறுபடி ஏழு கிலோமீட்டரையும் விரித்துப் போட்டுக்கொள், என் பிள்ளைக்கு ஒரு துணையைக் கொடு என்று கேட்டேன். கேட்டபிறகு, ஊருக்கெல்லாம் பொதுவான ரோட்டை என் ஒருத்தி இஷ்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு நான் யார் என்று வெட்கமாகி, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

முத்திருளாயி மறுநாளே ஊரைக் கூட்டிக் கட்டுப்பாடு போட்டாள். இனிமேல் ஈச்சங்கேணியில் யாரும் யாரையும் சாப்பிடு என்று சொல்லக் கூடாது. பாய் விரிக்கக் கூடாது, தட்டைக் காட்டக் கூடாது. அவர்களாக வாய் திறந்து கேட்டால்தான் போடணும். சொன்னபடியே ஊர் நடந்தது. ஐஸ் விற்க வந்தவன் எல்லா வீட்டு வாசலிலும் நின்று நின்று பார்த்துவிட்டு, என்ன ஆச்சு இந்த ஊருக்கு என்று முனகிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை மத்தியானம். நான் கருவாட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்திருந்தேன். வாசலில் ஒரு பெண், தோளில் பையோடு, குடையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"அமலன் வீடு இதுதானே? நான் ஜெனிட்டா" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். வீட்டைப் பார்த்தாள். சுவரில் மாதா படத்தைப் பார்த்தாள். குழம்பு கொதித்து வீடெல்லாம் மணத்தது. நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு கதவோரம் நின்றேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

"அத்தை" என்றாள். "வாசல்ல கால வச்சதும் தட்டோட ஓடியாருவாகன்னு பெரியப்பா சொன்னாக. நான் வந்து இம்புட்டு நேரமாச்சு. ஒரு தட்டையும் காணோமே?"

"கேட்டாத்தான் போடணும்னு ஊர்க்கட்டு ஆத்தா."

"அப்ப கேக்குறேன். பசிக்குது. காலையில நாலு இட்லி தின்னது."

அமலன் அந்த நேரம் பார்த்துக் கையெல்லாம் கிரீசோடு கொல்லைப்புறமாக வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏழேகால் பஸ்ஸ நான் விடக் கூடாது. வேலையையும் விட மாட்டேன். அதுக்கு நீங்க என்ன செய்வீக?" என்றாள்.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். "ரோடு இப்படியே இருந்தா நான் கூடவே நடந்து வந்து ஏத்திவிடுவேன். இன்னும் குறைஞ்சா, தின்னுட்டுக் கை கழுவுறதுக்குள்ள ஏறிக்கலாம். மறுபடி நீண்டுபோச்சுன்னா பைக்ல கொண்டுபோய் விடுவேன். கல்லு கொஞ்சம் குலுக்கும்."

"குலுக்குனா குலுக்கட்டும்" என்றாள் அவள், தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு.

இரண்டு தடவை சோறு வாங்கினாள். முள்ளை எடுத்து ஓரமாக அடுக்கிவைத்துச் சாப்பிட்டாள். பிறகு கையைத் தட்டுக்கு மேலே மறித்து, "போதும் அத்தை" என்றாள். அந்த நிமிசம் ஷாஜகான் பாய் கடை ரேடியோவில் பாட்டு ஒரு பிடி கூடக் கேட்டது. அவள் நிமிர்ந்து காதைக் கொடுத்தாள். "இதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அவள் வீட்டுக்குப் போய் என்ன பேசினாள், எப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பகல் பூசைக்குப் பிறகு ஜெனிட்டாவைச் சேர்க்காமல் பதினேழு பேர் வந்தார்கள், வெற்றிலை பாக்குத் தட்டோடு. முன்னால் மிக்கேல் அண்ணன். "பிள்ளை சொல்லுச்சேன்னு வந்திருக்கேன். இவுக சாப்பிடட்டும். நான் கை நனைக்கிறதப் பத்தி யாரும் எதுவும் பேச வேண்டாம். நான் நனைக்காம நிச்சயத் தட்டு மாறாது, அதுவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோயில் வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்தவர்களுக்காகக் கோயிலை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தோம். பந்தலுக்குள் ஜெனிட்டாவின் அம்மாதான் முதலில் கேட்டது, "எனக்கு ஒரு கை சோறு போடுங்க" என்று. அவர்கள் வீட்டுப் பெண் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாள். ஒவ்வொருவராகக் கேட்டார்கள், நாங்கள் போட்டோம், போதும் என்றார்கள், ரோடு வந்தது. அந்த அம்மா கையை மறித்தபோது பாய் கடை அடுப்பு நெருப்பு தெரிந்தது. சின்ன மாமா மறித்தபோது நிழற்குடைக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் தெரிந்தது. அத்தைமார் மூன்று பேரும் ஒன்றாக மறித்தபோது நிழற்குடைச் சுவரில் எழுதியிருந்த எங்கள் ஊர்ப் பேர் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பதினாறாவது ஆள் போதும் என்று சொன்னபோது மெயின் ரோட்டுத் தாரின் சூடு முகத்தில் அடித்தது. பந்தல் காலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இன்னும் நூறே அடி. அந்த நூறடிக்குள்தான் வேப்பமரம், அதனடியில் மிக்கேல் அண்ணன்.

இரண்டு பத்து பஸ் வந்து நிழற்குடையில் நின்றது. சன்னலுக்கெல்லாம் தலை முளைத்தது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "டைம்கீப்பரய்யா! நீங்களா? எப்ப இந்த ஊர் இங்க வந்துச்சு?" என்றார். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். ஆட்டுக்கறி வாசம் காற்றில் வந்து அவர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் போனது.

ஊரே அவரைப் பார்க்காத மாதிரி இருந்தது. முத்திருளாயி கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். எட்டு வீட்டுப் பெண்களும் இல்லாத தூசியைப் பெருக்கினார்கள். யாகப்பன் ஒரு பாயைக் கையில் எடுத்தவன், ஞாபகம் வந்து, சுடுகிற பாத்திரத்தைப்போல அதைக் கீழே போட்டான். அமலன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. என் உதடு மட்டும் அருள் நிறைந்த மரியேயைச் சொல்லிக்கொண்டிருந்தது. கூப்பிடு கூப்பிடு என்று என் கால் தவித்தது, ஒரு தடவை கூப்பிட்டுக் கெடுத்தது போதாதா என்று மனசு காலைப் பிடித்து இழுத்தது. பத்து நிமிசம். கால் மணி நேரம். ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

மிக்கேல் அண்ணன் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"ஏம்மா!" என்றார். என்னைப் பார்த்துத்தான். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அன்றைக்கு இருந்த கோபம் இல்லை. "காலையில ஏழு மணிக்கு ரெண்டு தோசை தின்னுட்டுக் கெளம்புன மனுசன் நான். சுகர்காரன் வேற. வாரவன் போறவனுக்கெல்லாம் போட்ட ஊரு, சம்மந்திக்கு ஒரு வாய்ச் சோறு போட மாட்டீகளா?"

சம்மந்தி என்றார். நான் ஓடினேன். ஓடுகிற வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.

"கறிக் குழம்பாண்ணே, ரசமாண்ணே?"

"ரெண்டும் போடு தங்கச்சி. எதுக்கு ஒண்ண மிச்சம் வைக்கணும்?"

வேப்பமரத்தடியிலேயே அவருக்கு இலை போட்டோம். பிசைந்து, உருட்டி, கண்ணை மூடி முதல் வாய் சாப்பிட்டார். கையை அசைத்து, "தட்ட மாத்துங்கப்பா, நான் சாப்பிட்டுக்கிட்டே பாத்துக்கிறேன்" என்றார். ஜெனிட்டாவின் அம்மா கையிலிருந்த தட்டு என் கைக்கு வந்தது, என் வீட்டுக்காரர் கையிலிருந்த தட்டு அவர்கள் கைக்குப் போனது. அமலன் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். சரி செய்த மோட்டாரில் முதல் தண்ணீர் பீறிட்டு வரும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

மிக்கேல் அண்ணன் கறிச்சோறு முடித்து, ரசச்சோறு முடித்து, கையை இலைக்கு மேலே மறித்து, "போதும்" என்றார்.

பஸ் இஞ்சினைக்கூடப் போடவில்லை. ஆனால் பந்தல் வாசலில் நின்றது. நிழற்குடை கோயில் சுவரோடு சேர்ந்து நின்றது. ஷாஜகான் பாய் கையில் வடைச் சட்டுவத்தோடு, "வந்துட்டேன்க்கா" என்றார், எங்கேயோ போய்விட்டு வந்தவரைப்போல.

"ஐயா, ஏற்கெனவே அரை மணி நேரம் லேட்டு. எடுக்கவா?" என்று டிரைவர் கேட்டார்.

"நிக்கட்டும்ப்பா. இன்னும் பாயாசம் வரல" என்றார் டைம்கீப்பர்.

அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள், நாற்பது பேருக்குக் குறையாது. முன்னால் நின்ற ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "எங்களுக்கும் போடுவீகளா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டாள், ஊர்க்கட்டுப்படி இனி மறுக்க முடியாது. யாகப்பன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து, "யக்கா, இன்னும் நாப்பது பேரு சாப்பிட்டா மெயின் ரோடு கோயிலுக்குள்ள வந்துருமே, மாதா எங்க போவா?" என்றான்.

முத்திருளாயி முதுகுக்குப் பின்னாலிருந்த கரண்டியை எடுத்தாள்.

"கொஞ்சம் நகந்து உக்காருவா. நீ பாய விரி" என்றாள்.

நான் இன்னொரு உலை வைத்தேன்.